ஒரு நாடு அணுகுண்டுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எப்படிக் கணிக்கிறார்கள்?

கேள்வி: அரசியல் அறிவியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். 2025 ஜூன் மாதம் ஈரானின் அணுசக்திக் கூடங்கள் மீது முதலில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் குண்டு வீசிய செய்தி வந்த நாட்களில், என் மாணவி ஒருத்தி கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ஈரான் அணுகுண்டு செய்ய இன்னும் எவ்வளவு காலம் ஆகும் என்று தலைவர்களும் அதிகாரிகளும் பல ஆண்டுகளாகச் சொன்னவற்றைத் தேடி எடுத்து, தேதிவாரியாக எழுதி வைத்திருந்தாள்.

அதன்படி, 1992இல் அப்போது இஸ்ரேல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நெதன்யாகு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் என்கிறார். அவரே 2012 செப்டம்பரில் பிரதமராக ஐ.நா. பொதுச் சபையில் குண்டின் படம் வரைந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, அதில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறார். ஈரானின் அணுத் திட்டத்துக்கு வரம்பு விதித்த 2015 ஒப்பந்தத்தின்போது ஓராண்டு என்கிறார்கள். 2023 மார்ச்சில் அமெரிக்க முப்படைகளின் தலைமைத் தளபதி மார்க் மில்லி, மூலப்பொருளுக்கு இரண்டு வாரத்துக்கும் குறைவு, ஆயுதத்துக்கு மேலும் சில மாதங்கள் என்கிறார். 2024 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் பிளிங்கன் ஓரிரு வாரம் என்கிறார். 2025 மார்ச்சில் அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் துள்சி கப்பார்ட், ஈரான் அணு ஆயுதம் எதையும் கட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதே உளவு அமைப்புகளின் மதிப்பீடு என்று சாட்சியம் அளிக்கிறார். மூன்று மாதத்தில் போர் வருகிறது.

"இதில் யார் சொல்வது பொய், மிஸ்?" என்று அவள் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாடநூலில் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தைப் பற்றிச் சில வரிகள் இருக்கின்றன. இந்தக் கணக்கை யார், எதைக் கொண்டு, எப்படிப் போடுகிறார்கள் என்பது எங்கும் இல்லை. எந்த நாட்டின் பக்கமும் சாயாமல், ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு விளக்கும் அளவில் இதைத் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி 1: ஓய்வு பெற்ற இயற்பியல் விரிவுரையாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி எழுதி வைத்திருக்கும் வரிகளில் பெரும்பாலானவை ஒன்றையொன்று பொய்யாக்குபவை அல்ல. அவை வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன. ஒருவர் அரிசி வந்து சேரும் நாளைச் சொல்கிறார், இன்னொருவர் சோறு வேகும் நேரத்தைச் சொல்கிறார், மூன்றாமவர் வீட்டுக்காரருக்கு இன்று சமைக்கும் எண்ணமே இல்லை என்கிறார். மூன்றும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

முதலில் மூலப்பொருளின் கணக்கைப் பார்ப்போம். ஏனெனில் செய்திகளில் வரும் "இத்தனை வாரம்" என்ற எண் ஏறக்குறைய எப்போதும் இதைத்தான் குறிக்கிறது. 'பிரேக்-அவுட் காலம்' என்று இதற்குப் பெயர். ஒரு நாடு இன்று முடிவெடுத்து, தன்னிடம் உள்ள இயந்திரங்களையும் கையிருப்பையும் முழுமூச்சாகப் பயன்படுத்தினால், ஒரே ஒரு குண்டுக்குப் போதுமான, ஆயுதத் தரத்திலான யுரேனியத்தைச் சேர்க்க ஆகும் காலமே அது. குண்டைச் செய்து முடிக்க ஆகும் காலம் அதில் சேராது.

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் 1000 அணுக்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் சுமார் 7 மட்டுமே எளிதில் பிளவுறும் யுரேனியம்-235. மீதி 993இல் ஏறக்குறைய எல்லாமே யுரேனியம்-238. செறிவூட்டல் என்பது அந்த 7ஐ வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துக்கொண்டே போவது. மின் உலைக்குப் போதுமான 3.67 சதவீதத்துக்கு வரவேண்டுமானால் 7 அணுக்களைச் சுற்றி 190 அளவில் மட்டும் மிஞ்ச வேண்டும். அதாவது 800க்கும் மேல் கழித்தாக வேண்டும். அங்கிருந்து 20 சதவீதத்துக்குப் போக மேலும் 155 அளவில் கழித்தால் போதும், மிச்சம் 35. அங்கிருந்து 60 சதவீதத்துக்குப் போக 23 அளவில் கழித்தால் மிச்சம் 12 அளவில். அதிலிருந்து 90 சதவீதத்துக்கு இன்னும் நான்கே நான்கு. நடைமுறையில் யுரேனியம்-235இலும் ஒரு பகுதி கழிவோடு போய்விடும், வேலையின் அளவும் கழிக்கும் எண்ணிக்கையும் அப்படியே ஒன்றல்ல. ஆனாலும் இந்தக் கணக்கு காட்டும் போக்கு சரியானது. கரும்பலகையில் 1000 புள்ளிகள் வைத்து அழித்துக் காட்டுங்கள், வகுப்பு முழுவதும் புரிந்துகொள்ளும்.

நான் பனங்காட்டுப் பகுதியில் பதநீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன். தாழியில் ஊற்றிய பதநீர் வற்றிப் பாகாவதற்குத்தான் விறகும் நேரமும் போகும். பாகு நிலைக்கு வந்துவிட்டால் கருப்பட்டிப் பதத்துக்கு அதிக நேரம் ஆகாது. 60 சதவீத யுரேனியம் என்பது பாகு. அதனால்தான் ஈரான் 2021 ஏப்ரலில் 60 சதவீதத்தைத் தொட்டதும் கணிப்புகள் மாதத்திலிருந்து வாரத்துக்கு இறங்கின.

2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் முடிவான ஒப்பந்தம் இந்தக் கணக்கின் எல்லா உறுப்புகளையும் ஒன்றாகப் பிடித்தது. செறிவு 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; செறிவூட்டிய சேர்மத்தின் கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது; நட்டான்ஸ் செறிவூட்டல் கூடத்தில், யுரேனியத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்கு இயந்திரங்களில் பழைய வகை 5060 மட்டுமே சுழலலாம். அதற்கு முன்பு இரண்டு மூன்று மாதமாக இருந்த பிரேக்-அவுட் காலம் ஓராண்டானது இப்படித்தான். எதிரியின் மனத்தை மாற்றியதால் கிடைத்த ஓராண்டு அல்ல அது. பெருக்கல் கணக்கில் வரும் எண்களைக் குறைத்ததால் கிடைத்தது. 2018 மே 8 அன்று அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது, 2019இலிருந்து ஈரான் வரம்புகளை ஒவ்வொன்றாக மீறியது, எண்களும் திரும்பக் கூடின.

நாடுகளின் அணுப்பொருளை ஆய்வாளர்களை அனுப்பிச் சரிபார்க்கும் சர்வதேச அணுசக்தி முகமைக்கு ஓர் அளவுகோல் உண்டு. உயர்செறிவு யுரேனியமானால் அதில் உள்ள யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ, குண்டுக்கான இன்னொரு மூலப்பொருளான புளூட்டோனியமானால் 8 கிலோ. இந்த அளவு காணாமற்போனால் ஒரு குண்டு செய்யப்படும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று கொள்வார்கள். 60 சதவீத யுரேனியத்தில் அது ஏறத்தாழ 42 கிலோ. 2025 ஜூன் 13 நிலவரப்படி ஈரானிடம் 60 சதவீதச் செறிவில் 440.9 கிலோ இருந்ததாக முகமை மதிப்பிட்டது. வகுத்தால் பத்துக்குச் சற்று மேல் வரும். "பத்துக் குண்டுக்கான பொருள்" என்ற தலைப்புச் செய்தி இந்த வகுத்தலிலிருந்து பிறந்தது. பொருள் என்ற சொல்லை விட்டுவிட்டு "பத்துக் குண்டு" என்று படித்தால் தவறாகிவிடும்.

பொருள் சேர்ந்த பிறகு அதை ஆயுதமாக்கும் வேலை தனி. அதற்குச் சில மாதங்கள் என்பாரும் உண்டு, ஓராண்டுக்கும் மேல் என்பாரும் உண்டு. அந்த வேலைக்கு ஆயிரக்கணக்கான இயந்திரங்களோ பெரிய கட்டடங்களோ தேவையில்லை, சிறு கூடங்களில் நடக்கக் கூடியது. ஆகவே வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எடைபோட எதுவும் அகப்படாது. எண்ணக் கூடியதை மட்டும் எண்ணுகிறார்கள் என்பதே என் கருத்து.


மறுமொழி 2: பழைய செய்தியாளர்

விரிவுரையாளர் ஐயா கணக்கைத் தெளிவாக வைத்துவிட்டார். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் கடந்த 75 ஆண்டுகளில் எப்படியெல்லாம் தவறினார்கள் என்பதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அமெரிக்க மத்திய உளவு அமைப்பு 1949 செப்டம்பர் 20 அன்று ஒரு குறிப்பு எழுதியது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டு செய்யக் கூடிய மிக முந்திய காலம் 1950 நடுப்பகுதி என்றும், பெரும்பாலும் 1953 நடுப்பகுதியிலேயே அது நடக்கும் என்றும் அதில் கண்டிருந்தது. சோவியத் ஒன்றியமோ தன் முதல் குண்டை ஆகஸ்ட் 29 அன்றே வெடித்துவிட்டது. ஜப்பானுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே பறந்த அமெரிக்க விமானம் ஒன்றின் வடிதாளில் செப்டம்பர் 3 அன்றே அதன் தூசு ஒட்டியிருந்தது. ஒரே அரசின் ஒரு கையில் தூசும் இன்னொரு கையில் அந்தக் குறிப்பும் இருந்தன. செப்டம்பர் 23 அன்று அதிபர் ட்ரூமன் உலகுக்கு அறிவித்தார்.

இந்தியாவையும் இதில் சேர்க்க வேண்டும். 1995 டிசம்பரில் பொக்ரானில் சோதனைக்கான ஆயத்தங்கள் நடப்பதை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டன. படங்களை வைத்து நரசிம்ம ராவ் அரசுக்கு அழுத்தம் தரப்பட்டது, சோதனை நின்றது. ஆனால் எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள் என்பதும் அதன் மூலம் இந்தியத் தரப்புக்குத் தெரிந்துபோயிற்று. 1998இல் வேலைகள் இரவில் நடந்தன, அப்துல் கலாம் உட்பட அறிவியலாளர்கள் இராணுவச் சீருடையில் போய் வந்தார்கள், மே 11 அன்று குண்டுகள் வெடித்த செய்தியை அமெரிக்க உளவு அமைப்பு உலகத்தோடு சேர்ந்துதான் கேட்டது. காட்டிய ஆதாரம் அடுத்த முறை கிடைக்காது என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு ஒரு நிரந்தரச் சங்கடம்.

ஆனால் அதிகமாகச் சிந்திக்க வேண்டியது ஈராக்கைப் பற்றித்தான். 1981இல் ஒசிராக் உலையை இஸ்ரேல் குண்டு வீசித் தகர்த்தது. ஈராக்கின் முயற்சி அத்தோடு முடிந்துவிடவில்லை, நிலத்துக்கு மேலே தெரியாதபடி பெருகியது. முகமையின் ஆய்வாளர்கள் அந்த ஆண்டுகளிலும் ஈராக்குக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அறிவிக்கப்பட்ட இடங்களை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதினார்கள். வளைகுடாப் போர் முடிந்து 1991 ஜூன் மாதம் ஃபல்லூஜா அருகே ஆய்வாளர் குழு ஒன்றை இராணுவ முகாமுக்குள் விட மறுத்தபோது, குழுவில் சிலர் அங்கிருந்த நீர்த்தொட்டிக் கோபுரத்தில் ஏறிப் பார்த்தார்கள். பின்வாசல் வழியாக லாரிகள் வரிசையாக வெளியேறிக்கொண்டிருந்தன. துரத்திப் போய்ப் படம் எடுத்தபோது தலைக்கு மேலே துப்பாக்கிச் சூடு நடந்தது. லாரிகளில் இருந்தவை கலுட்ரான் எனப்படும் மின்காந்தப் பிரிப்பு இயந்திரங்களின் பாகங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா பயன்படுத்திக் கைவிட்ட பழைய முறை அது. இந்தக் காலத்தில் அதை யாரும் கையில் எடுக்கமாட்டார்கள் என்று எல்லோரும் நினைத்ததால் யாரும் தேடவில்லை.

பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே நாட்டில் தவறு மறுபக்கம் சாய்ந்தது. ஈராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் மையவிலக்கு இயந்திரங்களுக்கானவை என்று அமெரிக்க உளவு அமைப்பு சொன்னது. அந்த இயந்திரங்களை உண்மையில் அறிந்த அமெரிக்க எரிசக்தித் துறை வல்லுநர்கள் அவை ராக்கெட் குழாய்களாகவே இருக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை. நைஜர் நாட்டிலிருந்து யுரேனியம் வாங்க ஏற்பாடு நடந்ததாகச் சொல்லும் கடிதங்கள் முகமையின் கைக்கு வந்தபோது, அவற்றுள் 2000ஆம் ஆண்டு தேதியிட்ட ஒன்றில், பதவியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகளான அமைச்சர் ஒருவரின் பெயரில் கையெழுத்து இருந்தது. 2003 மார்ச் 7 அன்று முகமையின் தலைவர் எல்பரதேய், அந்த ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் சொன்னார். இரண்டு வாரத்துக்குள் போர் தொடங்கிவிட்டது. போருக்குப் பிறகு தேடியவர்கள் 2004இல் தந்த அறிக்கை, ஈராக்கின் அணு ஆயுதத் திட்டம் 1991க்குப் பிறகு உயிர்பெறவே இல்லை என்றது.

1991இல் குறைத்து மதிப்பிட்ட வெட்கமே 2003இல் கூட்டி மதிப்பிடத் தள்ளியது என்று நான் நம்புகிறேன். ஒருமுறை பாம்பைக் கயிறு என்று நினைத்து மிதித்தவர், அடுத்த முறை கயிற்றைப் பார்த்தும் தடியை எடுக்கிறார். இதில் செத்துப்போனவர்கள் கணித்தவர்கள் அல்ல என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.


ஆசிரியையின் மறுமொழி

இருவருக்கும் என் நன்றி. புள்ளிகளை அழித்துக் காட்டும் முறையை இன்று வகுப்பில் செய்தேன், 800 புள்ளி அழிக்கக் கை வலித்ததும், கடைசி நான்கை ஒரே வீச்சில் துடைத்ததும் எல்லோருக்கும் பதிந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண் அடுத்த கேள்வியை வைத்திருக்கிறாள்: அறிவிக்கப்பட்ட இடத்தை மட்டும் பார்த்ததால் ஈராக்கில் ஏமாந்தார்கள் என்றால், அறிவிக்கப்படாத இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வாளர் உள்ளே போய் என்னதான் செய்கிறார்?


மறுமொழி 3: மாலை நூலக வாசகர்

நான் வேதியியல் படித்து ஆய்வகம் ஒன்றில் வேலை செய்தவன், அணுத்துறையில் அல்ல. எனினும் இந்தப் பகுதியை ஆர்வத்தோடு தொடர்ந்து படித்துவருகிறேன், ஆகவே இதற்கு மட்டும் எழுதுகிறேன்.

ஈராக் அனுபவத்தின் நேரடி விளைவு 1997 மே மாதம் முகமை ஏற்றுக்கொண்ட 'கூடுதல் நெறிமுறை'. அதற்கு முந்திய முறையில் ஆய்வாளரின் வேலை கணக்குப்பிள்ளையின் வேலை: நீங்கள் காட்டிய இருப்பும் நீங்கள் எழுதிய பேரேடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது. கூடுதல் நெறிமுறையை ஏற்ற நாட்டில், காட்டாத இருப்பு எங்காவது உண்டா என்று தேடவும் உரிமை கிடைக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

அறிவிக்கப்பட்ட கூடங்களில் காமிராக்கள் இருக்கும், கலன்களில் முத்திரை இருக்கும், குறித்த இடைவெளியில் எடைபோடுவார்கள். இவற்றை விடவும் நான் வியந்து படித்தது துடைத்து எடுக்கும் மாதிரியைப் பற்றித்தான். கைக்குட்டையை விடச் சிறிய, சுத்தமான பருத்தித் துணி ஒன்றால் ஆய்வாளர் சுவரையோ மேசையையோ காற்றுக் குழாயின் விளிம்பையோ துடைக்கிறார். இரண்டு உறைக்குள் போட்டு மூடுகிறார். அது ஆஸ்திரியாவில் உள்ள சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகத்துக்கும், முகமையோடு இணைந்து வேலை செய்யும் பிற நாட்டு ஆய்வகங்களுக்கும் போகிறது. கண்ணுக்கே தெரியாத ஒரு துகளை எடுத்து, அது எந்தச் செறிவில் உள்ள யுரேனியம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் ஆய்வகத்தில் இருந்தபோது ஒரு கண்ணாடிக் குடுவையை எத்தனை முறை கழுவினாலும் முந்தைய நாளின் எச்சம் கருவியில் வந்து நிற்கும்; சுவரைக் கழுவிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் அதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

தெஹ்ரானில் கலாயே எலெக்ட்ரிக் என்ற பட்டறையில் நடந்ததை உங்கள் மாணவிக்குச் சொல்லுங்கள். ஈரானின் நட்டான்ஸ் கூடம் 2002 ஆகஸ்டில் வெளியுலகுக்குத் தெரியவந்தது. மையவிலக்கு இயந்திரங்களை யுரேனியம் செலுத்திச் சோதிக்காமலேயே இவ்வளவு பெரிய கூடம் கட்டியிருக்க முடியுமா என்ற ஐயம் எழுந்தது. சோதிக்கவில்லை என்று ஈரான் சொன்னது. 2003 மே மாதம் ஆய்வாளர்களைப் பட்டறைக்குள் விட்டார்கள், துடைத்து எடுக்க விடவில்லை. ஆகஸ்டில் விட்டபோது உட்புறமெல்லாம் மாற்றிக் கட்டப்பட்டிருந்தது. அப்படியும் துணியில் துகள் ஒட்டியது. அறிவித்த எதனோடும் பொருந்தாத குறைசெறிவு, உயர்செறிவுத் துகள்கள். அக்டோபரில் ஈரான், 1998 முதல் 2002 வரை அங்கே சோதனை நடந்ததை ஒப்புக்கொண்டது.

இதோடு நின்றால் கதை எளிதாக இருக்கும். உயர்செறிவுத் துகள் கிடைத்ததும், ஈரான் ஏற்கெனவே குண்டுக்கான யுரேனியம் தயாரித்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். ஈரானோ, அது வெளியிலிருந்து வாங்கிய பாகங்களோடு வந்த தூசு என்றது. 2005இல் பாகிஸ்தான் தன்னிடமிருந்த பாகங்களை முகமையிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, உயர்செறிவுத் துகள்களில் பெரும்பகுதிக்கு ஈரானின் விளக்கம் பொருந்தியது. ஒரே துணி ஒரு பொய்யை உடைத்தது, ஒரு குற்றச்சாட்டையும் தளர்த்தியது. ஆய்வாளரை ஈரானின் எதிரி என்றும் ஈரானின் நண்பர் என்றும் மாறி மாறித் திட்டுபவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

எனவே என் கருத்து விரிவுரையாளர் ஐயா சொன்னதிலிருந்து சற்று மாறுபடுகிறது. எத்தனை வாரம் என்பதோடு, அந்த வாரங்கள் தொடங்கிவிட்டன என்பது நமக்கு எத்தனை நாளில் தெரியவரும் என்பதையும் கேட்க வேண்டும். ஆயுதத்துக்கு நேரடியாக உதவும் பொருள் காணாமற்போனால் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது முகமையின் இலக்கு. ஓராண்டு பிரேக்-அவுட் காலம் இருக்கும்போது ஒரு மாதத்தில் தெரிவது போதும். இரண்டு வாரம் என்றாகும்போது அது போதாது. ஈரான் 2021 பிப்ரவரியில் கூடுதல் நெறிமுறையை நிறுத்தியது, 2022 ஜூனில் 27 காமிராக்களை அகற்றியது. மையவிலக்கு இயந்திரங்கள் எத்தனை செய்யப்பட்டன, எங்கே இருக்கின்றன என்பதைத் தொடர்ந்து அறியும் வாய்ப்பை இழந்துவிட்டதாக முகமை தன் அறிக்கைகளில் எழுதியது. 2025 ஜூன் தாக்குதல்களுக்குப் பிறகு ஜூலை தொடக்கத்தில் ஆய்வாளர்கள் நாட்டை விட்டே வெளியேறினார்கள். ஃபோர்டோ, நட்டான்ஸ், இஸ்ஃபஹான் கூடங்களில் எவ்வளவு இடிந்தது என்று செயற்கைக்கோள் படம் காட்டும், 440.9 கிலோ எங்கே என்று காட்டாது. சில கலன்களில் அடங்கிவிடும் பொருள் அது. குண்டு விழுந்ததால் ஈரான் எத்தனை ஆண்டு பின்னுக்குப் போனது என்று கட்டுரை எழுதியவர்கள், அந்தப் பொருளை எண்ணிப் பார்க்க உள்ளே யாரும் இல்லாத நிலையில் எதைக் கொண்டு எழுதினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.


மறுமொழி 4: தூதரகப் பணியில் இருந்தவர்

மூவரும் பொருளையும் கருவியையும் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். முடிவு என்ற ஒன்று இருக்கிறது. அதுவே தலையாயது என்பது என் உறுதியான எண்ணம். ஜப்பானுக்குச் சொந்தமான புளூட்டோனியம் சுமார் 45 டன். பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும் வைக்கப்பட்டிருக்கிறது என்றாலும் உள்நாட்டில் இருப்பதே பல டன். 8 கிலோ அளவுகோலால் வகுத்துப் பார்த்தால் எந்தக் கணிப்பிலும் ஜப்பானே முதலிடத்தில் நிற்கும். யாரும் அதை அணுகுண்டின் வாசலில் நிற்கும் நாடு என்று தலைப்பிடுவதில்லை. கணிப்பவர் கிலோவை மட்டும் எண்ணவில்லை, அந்த நாட்டைப் பற்றிய தம் நம்பிக்கையையும் சேர்த்தே எண்ணுகிறார்.

தென்னாப்பிரிக்கா ஆறு குண்டுகளை முழுதாகச் செய்து முடித்து, பிறகு தானே பிரித்துப்போட்டு, 1991இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993 மார்ச் 24 அன்று அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகே உலகம் அந்த எண்ணிக்கையை அறிந்தது. செய்ததும் ஒரு முடிவு, கலைத்ததும் ஒரு முடிவு. இரண்டையும் எந்த எடைக் கல்லும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

ஈரானிலும் அப்படியே. 2007 டிசம்பரில் வெளியான அமெரிக்க உளவு மதிப்பீடு, ஈரான் தன் ஆயுதத் திட்டத்தை 2003 இலையுதிர் காலத்தில் நிறுத்திவிட்டதாக மிகுந்த உறுதியோடு சொன்னது. 2015 டிசம்பரில் முகமையும், ஒருங்கிணைந்த முயற்சி 2003 இறுதிக்கு முன்பு நடந்தது, சில வேலைகள் 2009 வரை தொடர்ந்தன, அதற்குப் பிறகு நம்பத்தகுந்த அறிகுறி இல்லை என்று முடித்தது. துள்சி கப்பார்ட் 2025 மார்ச்சில் சொன்னது இந்த வரிசையின் தொடர்ச்சிதான். பொருள் கூடிக்கொண்டே போனதும், முடிவு எடுக்கப்படாமல் இருந்ததும் சேர்ந்தே நடந்தன.


மறுமொழி 3 எழுதியவரின் பதில்

ஐயா, முடிவே தலையாயது என்பதை ஏற்கிறேன். ஆனால் முடிவை ஒரே இரவில் மாற்றிக்கொள்ளலாம், அதை ஒரு சிறு குழு மாற்றிக்கொண்டதை வெளியிலிருந்து யாரும் பார்க்கவும் முடியாது. 2003இல் ஈராக்கின் எண்ணத்தைப் படித்துவிட்டதாக நம்பியவர்கள்தாம் குழாயைத் தவறாகப் படித்தார்கள். ஜப்பானைப் பற்றிய நம்பிக்கைக்குக்கூட வெறும் நல்லெண்ணம் காரணமல்ல. அங்கே ஆய்வாளர்கள் கூடுதல் நெறிமுறைப்படி உள்ளே இருக்கிறார்கள், ஒவ்வோர் ஆண்டும் அரசு தன் புளூட்டோனியக் கணக்கைப் பொதுவில் வெளியிடுகிறது. எண்ணத்தைப் பற்றிய கருத்து பொருளைப் பற்றிய கணக்கின் மேல் நிற்க வேண்டும், அதற்கு மாற்றாக நிற்கக் கூடாது என்பதே என் வாதம்.


ஆசிரியையின் மறுமொழி

அந்தப் பெண்ணின் நோட்டில் இப்போது தேதி, சொன்னவர், சொன்ன காலம் என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. இன்னும் இரண்டு பத்திகள் கோடு போடச் சொல்லியிருக்கிறேன்: பொருளா, ஆயுதமா, முடிவா, எதை அளந்து சொன்னார் என்று ஒன்று, அன்று ஆய்வாளர்கள் உள்ளே இருந்தார்களா என்று மற்றொன்று. 2015க்கு நேரே 'இருந்தார்கள், கூடுதல் நெறிமுறை 2016 ஜனவரியிலிருந்து' என்று ஒப்பந்தத்தை வைத்து எழுதிவிட்டாள். 2023, 2024க்கு நேரே 'இருந்தார்கள், பல காமிராக்கள் இல்லை'. 1992க்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்கிறாள். யாராவது சொல்ல முடியுமா?


மறுமொழி 1 எழுதியவரின் பதில்

அம்மா, 1974 முதலே ஈரானுக்கும் முகமைக்கும் ஆய்வு ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. 1992 பிப்ரவரியில் முகமையின் குழு ஒன்று ஈரானின் அழைப்பின்பேரில் பல இடங்களுக்குப் போய்ப் பார்த்து, அமைதிப் பயன்பாட்டுக்கு முரணாக எதையும் காணவில்லை என்று சொன்னது. மையவிலக்கு வேலையை 1985லேயே தொடங்கிவிட்டதாக ஈரான் தானே 2003இல் ஒப்புக்கொண்டது. ஆகவே 'இருந்தார்கள், காட்டிய இடங்களில் மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். நெதன்யாகு சொன்ன மூன்று முதல் ஐந்து ஆண்டு தவறு என்பதையும் அதே வரியில் அவள் எழுதிக்கொள்ள வேண்டும்.